ஒரே குத்து

"கைய நல்லா நீட்டுங்க ஐயா. பயமா?"

"பயம் என்னங்க. கீழ கேட்ல போட்டோ புடிச்சாங்க, பையத் தொறந்து பாத்தாங்க. இதையும் பாத்துக்குங்க."

குணசேகர் சிரித்தான். வைட்ஃபீல்ட் அபார்ட்மென்ட்டுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் எல்லாரும் புலம்புவதுதான். பெற்ற மகன் வீட்டுக்கு வரும் அப்பாவைக்கூடவா இப்படிச் சோதிப்பார்கள் என்று அவன் மனசு கொஞ்சம் இளகியது.

ஆனால் இன்று இளக நேரமில்லை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, பெங்களூர் டிராஃபிக்கில் முதுகு ஒடிந்தவன் அவன். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் டிரெய்னர் வேலை லேபில் காலியாகியிருந்தது. உட்கார்ந்த இடத்து உத்தியோகம். கிடைத்துவிட்ட மாதிரியே அவன் மனைவி யாமினி அவர்கள் குடியிருக்கும் ஜோகுபாளையம் முழுக்கச் சொல்லிவிட்டாள். அதற்கு அவன் லாயக்கா என்று பார்க்கத்தான் லேப் சூப்பர்வைசர் வீணா மேடம் கூடவே வந்து சுவரோரமாக நின்றிருந்தார்.

சற்று முன் கதவைத் திறந்த கிஷோர், காதில் ஹெட்போனோடு, "அப்பா ஊர்லருந்து வந்திருக்காரு, பாத்து எடுங்க" என்று ஹாலைக் காட்டிவிட்டு மீட்டிங்குக்கு ஓடி அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். குளியலறையில் யாரோ குளிக்கும் சத்தம். மருமகளாக இருக்கும்.

நரைத்த தலைப் பெரியவர் சோபாவை விட்டுவிட்டு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் கனத்த பை. பாவம், மருமகளிடம் இன்னும் கூச்சம் போகவில்லை என்று குணசேகர் புரிந்துகொண்டான். அவனுக்கு ஆளை ஒரு பார்வை பார்த்தால் போதும். கேட்டுத் தெரிந்துகொள்வதெல்லாம் கற்றுக்குட்டிகளின் வேலை.

"காலையில ஏதாச்சும் சாப்ட்டீங்களா?"

"டீகூட இல்லீங்க. விடியறதுக்கு முன்னாடி கேஜிஎஃப்ல ரயில் ஏறுனது."

வெறும் வயிறு. நல்லதாகப் போயிற்று.

கையுறை மாட்டினான். முழங்கைக்கு மேலே பட்டையைக் கட்டி, நரம்பை விரல் நுனியால் தடவிக் கண்டுபிடித்தான். ஸ்பிரிட் பஞ்சு கறுத்துப்போய் வந்தது. ரயில் அழுக்கு. இன்னொரு பஞ்சால் துடைத்து, வாயால் ஊதாமல், தானாகக் காயும்வரை பொறுத்திருந்தான்.

ஒரே குத்து. பெரியவர் முகம்கூடச் சுளிக்கவில்லை. ரத்தம் வரத் தொடங்கியதும் பட்டையைத் தளர்த்தினான். ட்யூப்களைக் குலுக்காமல் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினான். ஊசிக்கு மூடி போடாமல் நேராக டப்பாவில் தள்ளினான்.

"கைய மடக்காதீங்க ஐயா. பஞ்ச அழுத்திப் புடிங்க."

வீணாவின் முகம் மலர்ந்தது. "இந்தக் கைதான் குணசேகர் நமக்கு வேணும். நாளைக்கே எம்.டி.கிட்ட சொல்லிடறேன். ட்யூப்ல பேர் லேபிள ஒட்டிட்டுக் கெளம்பலாம்."

குணசேகருக்குத் தரையில் கால் பாவவில்லை. "கீழ பார்க்கிங்லயே ஒட்டிட்டேன் மேடம். பழனிச்சாமின்னு பேரு, வயசு எல்லாம் பக்காவா இருக்கு. டைம் வேஸ்ட் பண்ணமாட்டேன்."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. "எடுத்தப்புறம் பேஷன்ட் கண்ணு முன்னாடிதானே ஒட்டணும்? அவரு பேர அவரையே சொல்லச் சொல்லிக் கேட்டீங்களா?"

"மொகத்தப் பாத்தா தெரியாதா மேடம்? பத்து வருச சர்வீஸ்."

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. பெரியவர் பஞ்சை அழுத்தியபடியே எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குணசேகரிடம் பணிவாகக் கேட்டார்:

"வாஷிங் மெஷின் எந்தப் பக்கம் சார்? ரிப்பேர் முடிச்சு வெளிய போறப்பவும் ரத்தம் எடுப்பீங்களா?"