மூத்தாள் படம்

"முகத்தை மட்டும் மாத்தித் தரணும், ஐயா," என்றாள் ஹெஸ்டர்.

ஓவியர் சைலஸ் ஹாக்கின் தூரிகையைக் கீழே வைத்தார். அவளுடைய வண்டிக்காரன் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போன படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரே வரைந்ததுதான். கம்பளி வியாபாரி ஓட்லியின் மூத்த மனைவி லவினியா, நீலப் பட்டு உடுத்தி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். லண்டன் கண்காட்சிவரை போய்ப் பேர் வாங்கிய படம். நாரிச் நகரத்துப் பெரிய வீடுகள் அவரைத் தேடி வருவதே இந்தப் படத்தால்தான்.

லவினியா தலைப்பிரசவத்தில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு இறந்துபோனாள். வருடம் திரும்புவதற்குள் ஓட்லி ஹெஸ்டரைக் கட்டிக்கொண்டார். கூடத்தில் மாட்டியிருந்த மூத்தாள் படத்தை இளையாள் கழற்றிவிட்டாள் என்பதுதான் போன மாதம் முழுக்க ஊரில் பேச்சு.

"கொஞ்சம் உக்காருங்கம்மா, வந்துடறேன்," என்று உள்ளே போனார் சைலஸ்.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் அவர் மனைவி ப்ரூடன்ஸ்.

"புருஷனைப் பிடிச்சாச்சு, வீட்டைப் பிடிச்சாச்சு. இப்ப செத்தவளோட பட்டுக்குள்ளயும் பூந்துக்கணுமாக்கும்."

"மெதுவாப் பேசு. காதுல விழப்போகுது."

"விழட்டுமே. இதுக்கு மட்டும் நீங்க தலையாட்டினீங்க, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல நான் யார் முகத்திலயும் முழிக்க முடியாது."

சைலஸ் திரும்பி வந்தார்.

"அம்மா, உங்களைத் தனியா உக்கார வச்சு, இதைவிடப் பெருசா ஒண்ணு வரைஞ்சு தரேன். இதை இப்படியே விட்டுடுங்க. நான் கை வைக்க மாட்டேன்."

"எனக்கெதுக்குங்க படம்? முகமெல்லாம் அம்மைத் தழும்பு. கண்ணாடியில பார்க்கறதே போதும்."

"அப்புறம் யார் முகத்தை வைக்கச் சொல்றீங்க?"

"அவங்க முகத்தைத்தான்."

சைலஸுக்குப் புரியவில்லை. எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

ஹெஸ்டர் படத்தைக் காட்டினாள். "உங்க முன்னாடி வந்து உக்காந்தப்ப, அவங்க இப்படித்தான் உர்ருனு இருந்தாங்களா?"

அவர் சற்று யோசித்தார்.

"இல்லை. வாய் ஓயாம சிரிப்பாங்க. நான்தான் உதட்டை மூடுங்கன்னு அதட்டி அதட்டி உக்கார வச்சேன். படத்துல பல்லைக் காட்டுறது சாராயக்கடைப் பொம்பளைங்கதானே? பெரிய வீட்டு அம்மாவை அப்படி வரைய முடியுமா?"

"எங்க வீட்டு வேலைக்காரங்களும் அதையேதான் சொல்றாங்க. அவங்க மாடியில சிரிச்சா அடுப்படியில கேக்குமாம்." கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "அந்தச் சிரிப்பைப் போடுங்க."

"பல்லு தெரியும்மா. ஊரே பார்த்துச் சிரிக்கும். லண்டன்ல பேர் வாங்கின படத்தை ஹாக்கினே கெடுத்துட்டான்னு சொல்வாங்க."

"உங்களுக்குக் கஷ்டம்தான். தெரிஞ்சுதான் கேக்கறேன்."

"எதுக்குன்னாவது சொல்லுங்க."

"குழந்தைக்கு மூணு வயசாகுது. இந்த முகத்தைப் பார்த்தாலே வீறிட்டு அழறா. கண்ணைப் பொத்திக்கிட்டுத்தான் கூடத்தைத் தாண்டுவா. அதான் கழட்டினேன்."

கதவை மெல்லத் திறந்து ப்ரூடன்ஸ் எட்டிப் பார்த்தாள்.

சைலஸ் எழுந்து, படத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார்.

"பொம்மை வாங்கிக் கொடுத்தா மறந்துடுவா. அந்த வயசு அப்படி. இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

ஹெஸ்டர் படத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அவ என்னையே பெத்தவன்னு நெனச்சுக்கிட்டிருக்கா, ஐயா. இவங்கதான் உன் அம்மான்னு நான் சொல்றப்போ, அவ பயப்படக் கூடாது."