சத்தம் போடுகிற மருமகள்

“யாரைக் கேட்டு மடையைத் திறந்து விட்டீங்க மாமா? நாத்தங்கால்ல நின்ன தண்ணியெல்லாம் வடிஞ்சு போச்சு!”

குத்தாலத்துக்கு வந்து இறங்கியதும் இறங்காததுமாக ஜாய்ஸின் காதில் விழுந்தது இதுதான். துபாயில் இருக்கும் தம்பியின் மனைவி ஜாஸ்லின், வாசலில் நின்று அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“முளைகட்டின விதை தெளிச்சிருக்கு. தண்ணி நின்னா அழுகிப் போகாதா? கடலுக்குள்ள பாறை தேடுறவளுக்கு வயலைப் பத்தி என்ன தெரியும்!” அப்பா ஆசீர்வாதமும் விடவில்லை.

மருமகள் தினமும் திட்டுகிறாள் என்று பக்கத்து வீட்டார் போனில் சொன்னது சரிதான். அம்மா இறந்து வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தப் பாடு.

“துணியை எடுத்து வைங்கப்பா. என்கூட தஞ்சாவூருக்கு வந்துடுங்க” என்றவள், அதற்குள் உள்ளே போய்விட்ட ஜாஸ்லினைத் தேடி விறுவிறுவென்று அவள் அறைக்குள் போனாள்.

கடலடியில் எண்ணெய் தேடும் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள் ஜாஸ்லின். கம்ப்யூட்டர் திரை முழுக்க வரிவரியாகக் கோடுகள்.

“வயசான மனுஷனை இப்படித்தான் தினமும் திட்டுவியா?”

“மாமாவைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க அண்ணி.” ஜாஸ்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. “சாப்டீங்களா, தூங்குனீங்களான்னு எது கேட்டாலும் ‘ம்’தான். அதுல என்ன தெரியும்?”

ஜாய்ஸ் போன் பண்ணும்போதும் தினமும் அந்த ‘ம்’தான் வந்துகொண்டிருந்தது.

ஜாஸ்லின் திரையைக் காட்டினாள். “இது கடலுக்கு அடியில இருக்கிற சுண்ணாம்புப் பாறை. மேலேர்ந்து பாத்தா எல்லாம் கெட்டிதான். சத்தத்தைக் கீழ அனுப்பிட்டு, திரும்பி வர்றதைக் கேப்போம். பலமா வந்தா பாறை கெட்டி. தேஞ்சு வந்தா உள்ள பொந்து பொந்தா இருக்கு, ஏதோ தேங்கி நிக்குதுன்னு அர்த்தம்.”

“அதுக்கு?”

“நான் திட்டும்போது மாமா திருப்பிக் கத்தினா, அன்னைக்கு நல்லா இருக்காங்க. குரல் தேஞ்சு வந்தா, அத்தை நெனப்புல இருக்காங்க. அன்னைக்கு லீவு போட்டுட்டு கல்லறைக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்.”

ஜாய்ஸ் கூடத்துக்கு வந்தாள்.

அப்பா துணி எதையும் எடுத்து வைத்திருக்கவில்லை. சேறு படிந்த தன் துண்டை, கொடியில் துவைத்துப் போட்டிருந்த ஜாஸ்லினின் வெள்ளைப் புடவைமேல் நிதானமாக விரித்துக்கொண்டிருந்தார்.

“ஐயோ அப்பா! பாத்தா அவ கத்தப் போறா!”

“மெதுவாப் பேசும்மா” என்றார் அப்பா. “நாளைக்கு என்னைத் திட்டறதுக்கு அவளுக்கு ஏதாவது வேணாமா?”