மூச்சு வாங்கும் பூச்சி

“குளக்கரையில பூச்சி காட்டுறேன்னு சொல்லிட்டு, பாழடைஞ்ச மில்லுக்குக் கூட்டிட்டு வந்திருக்கார். இந்த ஆளை நம்பலாமா?” மருந்துக்கடை அக்கா கணவனின் காதைக் கடித்தாள்.

“மெல்லப் பேசு. வந்ததிலிருந்து அவர் வாயைத் திறந்தாப் போதும், நீ திருத்துற. விட்டா பூச்சியையே திருத்துவ!”

டார்ச்சோடு முன்னால் போன தும்பி மாமா, வாராவாரம் ஊராரைப் பூச்சி பார்க்க அழைத்துப் போகிறவர். இன்றைக்கு என்னவோ எதையும் நின்று காட்டவில்லை. வெளிச்சம் மட்டும் சுவர் சுவராக எதையோ தேடியது.

பொழுது சாய்ந்திருந்தது. புதரெல்லாம் ‘கிரீச் கிரீச்’ என்று காதைப் பிய்த்த இரைச்சல், பழைய பஞ்சுக் கிடங்கின் பக்கம் மட்டும், யாரோ அதட்டியதுபோல் அடங்கிக் கிடந்தது.

“இங்கே ஏன் எல்லாம் வாயை மூடிக்கிச்சு?” கணவனின் குரல் இறங்கியது.

“ஆள் அரவம் கேட்டா பூச்சி கத்தாதுங்க” என்றார் தும்பி மாமா.

“நாம இப்பத்தானே வர்றோம்?”

“அதான் எனக்கும் புரியல.”

அப்போது கேட்டது. சுவருக்குள்ளிருந்து மெல்லியதாய், இழுத்து இழுத்து ஒரு கேவல். நின்றது. மறுபடியும்.

கூட்டம் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஒட்டியது. “பேய்தான்! செத்தோம்!” என்றார் ஒரு தொப்பைக்காரர்.

“சுவர்க்கோழிங்க. வெறும் சுவர்க்கோழி” என்றார் தும்பி மாமா அவசரமாக. “கிட்டப் போகாதீங்க. வாங்க, வாங்க.”

“சுவர்க்கோழியா?” அக்கா விடவில்லை. “அது சிறகை உரசிக் கத்துற பூச்சி சார். அதுக்கு ஏது தொண்டை? இது நடுவுல மூச்சு வாங்குதே!”

இப்போது எல்லார் காதிலும் அந்த மூச்சு விழுந்தது.

“வேண்டாம்மா, சொன்னாக் கேளுங்க.”

“ஏன், உங்க குட்டு உடைஞ்சிடும்னு பயமா?”

விடுவிடுவென்று போய், உடைந்த ஜன்னலுக்குள் தன் செல்போன் டார்ச்சை அடித்தாள்.

இரண்டு கண்கள்.

சாக்குமூட்டைகளுக்கு நடுவே கன்னம் வீங்கிய ஒரு பெண். மடியில் கைக்குழந்தை. அதன் வாயைக் கையால் பொத்தியிருந்தாள். ‘வேண்டாம்’ என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

“என்னம்மா அங்கே?” கேட்டருகிலிருந்து காவல்காரன் கத்தினான். “ஆளுன்னா சொல்லுங்க, நாயை அவுத்து விடுறேன்! முதலாளி உத்தரவு!”

சங்கிலி இழுபடும் சத்தம்.

அக்கா டார்ச்சை அணைத்தாள்.

“சுவர்க்கோழிதான்! நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்!”

கணவன் வாயைப் பிளந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் கேட்டிராத வார்த்தை.

“மூச்சு வாங்குதுன்னீங்க?” என்றார் தொப்பைக்காரர்.

“பசி போல! கொஞ்சம் இரை வெச்சா அடங்கிடும்!” என்றபடி கைப்பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை உள்ளே நழுவவிட்டாள்.

தும்பி மாமா மெல்லப் பக்கத்தில் வந்தார். தோளில் தொங்கிய பூச்சிப் பையைத் திறந்து, துணி சுற்றிய எதையோ அவள் கையில் திணித்தார்.

“இதையும் வைங்கம்மா. தனியா வந்தா காவல்காரன் கேட்டைத் திறக்க மாட்டேங்குறான், அதான் கூட்டத்தோட வந்தேன்” என்றார் தணிந்த குரலில்.

பால் பாட்டில். இன்னும் சூடு ஆறவில்லை.