வேறுபாடு இல்லை

இடைவேளையைக் கூட்டினால் தையலும் கூடுமா என்று பார்த்துச் சொல்ல, பனியன் கம்பெனி நளாயினியை நியமித்திருந்தது. அவள் குலுக்கல் போட்டுத் தையல்காரர்களை மூன்று லைன்களாகப் பிரித்தாள். ஒன்றுக்கு இடைவேளையே கிடையாது, இன்னொன்றுக்குப் பத்து நிமிடம், மற்றதற்கு இருபது. மாத முடிவில் மூன்றின் சராசரியும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. ‘வேறுபாடு இல்லை’ என்று அறிக்கை கொடுத்தாள். மறுநாளே எல்லோருக்கும் இடைவேளை நின்றுபோனது.

இருபது நிமிட லைனில் இருந்த செல்லாத்தாள் அன்று மத்தியானம் மிஷின்மேல் சாய்ந்து கிடந்தாள்.

“ஓய்வு கிடைச்சும் ஏங்க்கா கூடுதலாத் தைக்கல?” என்று கேட்டாள் நளாயினி.

“தைச்சோமுங்க மேடம். ஓய்வில்லாத லைன்ல மாசமா இருக்கற புள்ள ஒண்ணு இருக்குது. எண்ணிக்கை கொறஞ்சா வேலைய விட்டு அனுப்பிருவாங்கன்னு, கூடுதலாத் தைச்சத அவங்க லைன் துணிக்கட்டுல சேத்துட்டோம். மேனேஜர்ட்டச் சொல்லிராதீங்க.”

சொன்னால் இடைவேளை திரும்பலாம். ஆனால் கட்டு மாற்றியவர்களுக்கு வேலை போய்விடும்.

சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றார். “என்ன மேடம், கணக்குல ஏதாச்சும் தப்புங்களா?”

“ஒண்ணுமில்லைங்க” என்றாள்.

செல்லாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்து அடுத்த துணியை ஊசிக்கடியில் வைத்தாள்.