சம்பந்தி வீட்டு இரைச்சல்

“சந்தேகமே வேண்டாம் தம்பி. நேரா அந்தப் பச்சை கேட் வீட்டுக்குப் போங்க. என் லைனைக் கெடுக்கிற ஆள் அங்கதான் இருக்கார்.”

இன்டர்நெட் கோளாறைப் பார்க்க வந்த லைன்மேன் இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதற்குள் தீர்ப்பே சொல்லிவிட்டார் ஹெட்கிளார்க். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் அவருக்கு அதுதான் பெயர்.

“அங்க யார் சார் இருக்காங்க?”

“என் சம்பந்தி. மகனோட மாமனார்.” சொல்லும்போதே அவருக்கு வாய் கசந்தது. “ஏசி, தண்ணி மோட்டார், உட்கார்ந்தா முதுகு பிடிச்சு விடற நாற்காலி... அத்தனையும் ஓடினா ரெண்டு தெரு தள்ளி என் இன்டர்நெட் எப்படிப்பா நிக்கும்?”

வெளிநாட்டில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் வருவான். மாமனார் வீட்டில் என்றால் மணிக்கணக்காகப் பேச்சு, சிரிப்பு. அப்பாவிடம் வந்தால் நாலு வார்த்தை பேசுவதற்குள் படம் நின்று, குரல் அறுந்து, லைன் போய்விடும். செல்போன் சிக்னலோ மொட்டை மாடி ஏறினால்தான் கிடைக்கும். அதற்கு அவர் முழங்கால் சம்மதிக்காது.

பெண்ணைக் கொடுத்தவர்கள் பையனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஹெட்கிளார்க்குக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். நியாயம் என்பார்.

லைன்மேன் பையிலிருந்து ஒரு சின்ன ரேடியோவை எடுத்தான்.

“பாட்டுக் கேட்கவா வந்தீங்க?”

“இல்ல சார். ஸ்டேஷன் இல்லாத இடத்துல முள்ளை வெச்சா, கரண்டுல இருக்கிற இரைச்சல் இதுல கரகரன்னு கேட்கும். பழைய மோட்டார், கெட்டுப்போன சார்ஜர், எதுவா இருந்தாலும் கிட்டப் போகப் போகச் சத்தம் ஜாஸ்தியாகும்.”

“அப்போ அந்த வீட்டு வாசல்ல காது கிழியும், பாருங்க” என்று சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார் ஹெட்கிளார்க். முழங்கால் வலிகூட மறந்துவிட்டது.

பச்சை கேட்டைத் திறந்ததும் சம்பந்தி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

“வாங்க சம்பந்தி, வாங்க! இப்பத்தான் மாப்பிள்ளை பேசிட்டு வெச்சார். கொஞ்சம் முந்தி வந்திருந்தா நீங்களும் பேசியிருக்கலாமே!”

ஹெட்கிளார்க்கின் முகம் சுண்டிவிட்டது. பெற்ற பிள்ளையிடம் பேச இந்த ஆள் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டுமா?

“மோட்டாரைப் போடுங்க. ஏசியைப் போடுங்க. அந்த முதுகு நாற்காலியையும் போடுங்க” என்றார் வெடுக்கென்று.

சம்பந்தி எல்லாவற்றையும் சந்தோஷமாகப் போட்டார். நாற்காலியில் தானே உட்கார்ந்தும் காட்டினார். “வே...ற எ...தாவது போ...டணுமா சம்...பந்தி?” என்று குரல் அதிர்ந்தது.

ரேடியோ ஜலதோஷம் பிடித்தவன் போல லேசாக முனகியதோடு சரி.

“இங்க இல்ல சார்.”

“உங்க ரேடியோவுல பேட்டரி தீர்ந்திருக்கும்.”

“அப்படி இல்ல சார். லைன் போற நேரத்துல நான் உங்க வீட்டுல இருக்கணும். மகனை இப்பக் கூப்பிடுங்க, பார்த்துடலாம்.”

வீட்டுக்குத் திரும்பி மகனைக் கூப்பிட்டார்கள். படம் பளிச்சென்று வந்தது. ரேடியோவில் சத்தமே இல்லை. ஹெட்கிளார்க்கின் மனைவி வந்து, “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டுவிட்டு, உள்ளே வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

“முழங்கால் எப்படிப்பா இருக்கு?” என்றான் மகன்.

“அது கிடக்கு விடு. ஏன்டா, உன் மாமனார்கிட்ட மட்டும் அப்படி என்னடா பேச்சு? அந்த ஆள் உனக்கு என்ன பெருசா...”

ரேடியோ கர்ரென்று அலறியது. மகனின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. லைன் போய்விட்டது.

“பார்த்தீங்களா! அந்த ஆள் பேச்சை எடுத்தாலே வெட்டுது! நாம வந்ததும் மறுபடி மோட்டாரைப் போட்டிருப்பார்!”

லைன்மேன் ரேடியோவோடு நடந்தான். வாசல் பக்கம் போனால் சத்தம் குறைந்தது. சமையலறைப் பக்கம் திரும்பியதும் ஏறியது. பின்னால் இருந்த சின்ன அறையின் கதவருகே காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. கதவைத் தள்ளினான்.

ஹெட்கிளார்க்கின் மனைவி பழைய மோட்டார் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஊசி வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே துணி இல்லை. நூலும் கோக்கப்படவில்லை.

அவனைக் கண்டதும் அவர் சட்டென்று பெடலிலிருந்து காலை எடுத்தார். ரேடியோ அடங்கியது.

“இதுதாம்மா லைனைக் கெடுக்குது. மோட்டார்ல பொறி பறக்குது. உள்ளே தேய்ஞ்சுபோன கார்பன் துண்டை மாத்தினா சரியாயிடும்.”

“தெரியும் தம்பி. மாத்திடாதீங்க.”

“என்னம்மா சொல்றீங்க? அப்பாவும் பிள்ளையும் பேசறதை நீங்களே கெடுக்கலாமா?”

அவர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். முன்னறையில் கணவர் இன்னும் சம்பந்தியைத் திட்டிக்கொண்டிருந்தது கேட்டது.

“அப்பா இனிமே மாமாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நான் போனை வெச்சுடுவேம்மான்னு மகன் என்கிட்ட சொல்லிட்டான். இவர்கிட்டயும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், பேச்சைக் குறைங்கன்னு. கேட்டாத்தானே? ஒரு தடவை அவன் நிஜமாவே பட்டுன்னு வெச்சுட்டான். அன்னைக்கு முழுக்க இவர் சாப்பிடவே இல்ல, போனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார். லைன் போச்சுன்னா சம்பந்தியைத் திட்டிக்கிட்டே ரெண்டு வாய் சாப்பிட்டுடறார்.”

புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“அதான் தம்பி, மகன் வெக்கறதுக்கு முன்னாடி நான் இதை மிதிச்சுடறேன்.”