ஆப்பிள் தோட்டத்து மாப்பிள்ளை

"பன்னெண்டு மணிக்குள்ள பணம் கட்டுறவங்களுக்குத்தான் கனடா. ஒரு நிமிஷம் பிந்தினாலும் உங்க இடம் டிரினிடாட்காரனுக்குப் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது!"

பிரிசெட் மேஜையைத் தட்டிச் சொன்னதும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்த பதினோரு பேரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். மே பென் ஊரில், வறுத்த மீன் கடைக்கு மேலே இந்த அறையை அவர் வாடகைக்குப் பிடித்து ஒரு வாரம்தான் ஆகிறது. இன்று சாயங்காலமே காலி செய்துவிடுவதாக உத்தேசம். போன மாதம் ஜமைக்காவின் வேறொரு கோடியில் இருந்தார். அங்கே அவர் பெயரும் வேறு.

முதலில் எழுந்தவர் கொத்தனார் ஹெஸ்லப். சட்டைக்குள் கைவிட்டு உறையை எடுத்தார். எண்பதாயிரம் ஜமைக்கா டாலர். பிரிசெட் கையை நீட்டினார்.

"சார், ஒரு சந்தேகம்."

கடைசி வரிசையிலிருந்து குரல். மஞ்சள் கவுன் போட்ட, வாட்டசாட்டமான பெண்மணி. பெயர் நவலெட் என்று பதிவேட்டில் எழுதியிருந்தாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பணத்தோடு வந்திருக்கிறாள் என்று பிரிசெட்டுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது.

"கேளுங்க, மிஸ் நவலெட்."

"இன்டர்வியூ ஒண்ணும் கிடையாதா?"

"உங்க முகத்தைப் பார்த்தாலே போதும். உழைக்கிற முகம்."

"கம்பெனி லெட்டர்ல இருக்கிறது ஓசி ஈமெயில் விலாசமாச்சே. என் தங்கச்சி மகன்கூட அதுலதான் வெச்சிருக்கான்."

"முதலாளி சிக்கனக்காரர். அதனாலதான் உங்களுக்கு அவ்வளவு சம்பளம் தர முடியுது."

இரண்டு பேர் சிரித்தார்கள். பிரிசெட்டுக்குத் தெம்பு வந்தது.

"ஆள் அனுப்புறதுக்கு அரசாங்க லைசென்ஸ் வேணும்னு ரேடியோவுல சொன்னாங்களே?"

"ஃப்ரேம் போடக் கொடுத்திருக்கேன்."

"கட்டுற பணத்துக்கு ரசீது?"

"அது கனடாவுல இருந்து நேரா உங்க வீட்டுக்கு வரும்."

"நிஜமான கம்பெனிக்காரன் வேலைக்கு வர்றவன்கிட்டயே முன்பணம் கேப்பானா சார்? ரெண்டு ஆட்டை வித்துட்டு வந்திருக்கேன். அதான் கேக்குறேன்."

ஹெஸ்லப்பின் உறை மெல்லச் சட்டைக்குள் திரும்பப் போனது. பிரிசெட் அதைப் பார்த்துவிட்டார். இனி வாயால் பேசிப் புண்ணியமில்லை. எழுந்து சுவரில் ஒட்டியிருந்த படங்களில் ஒன்றைக் காட்டினார். பளபளக்கும் நீலக் காரின் மேல் கைவைத்தபடி, கோட்டு சூட்டில், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு நடுத்தர வயதுக்காரர். போன வாரம் இணையத்தில் துழாவியபோது அகப்பட்ட படம். நல்ல ராசியான சிரிப்பு என்று அச்சடித்து வைத்திருந்தார்.

"கிட்ட வந்து பாருங்கம்மா. இவர் பேரு கிளிஃபர்ட். நான் அனுப்பின ஆளு. அதோ அவரோட சொந்தக் கார்!"

நவலெட் எழுந்து வந்தாள். படத்தைப் பார்த்தாள். மூக்கு படும் அளவுக்குக் குனிந்து மறுபடி பார்த்தாள்.

வலையில் விழுந்துவிட்டாள் என்று பிரிசெட் நினைத்தார்.

"இவரையா... நீங்க கனடாவுக்கு அனுப்பினீங்க?"

"நானே விமானம் ஏத்திவிட்டேன். ரெண்டு வருஷமாச்சு. ஆப்பிள் தோட்டத்துல வேலை."

"நல்லா இருக்காரா?"

அந்தக் கேள்வியில் ஒரு குழைவு இருந்ததாக அவருக்குப் பட்டது. ஆளைப் பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது! இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டார்.

"நல்லாவா? தோட்டத்து முதலாளியோட மகளையே கட்டிக்கிட்டாரும்மா!"

"அடேயப்பா! புள்ளைங்க?"

"ரெட்டை."

"ரெட்டையா!" நவலெட் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "இங்க அவருக்குப் பொண்டாட்டி கிடையாதோ?"

அறையே காது கொடுத்துக் கேட்டது. பிரிசெட்டுக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"இருந்தா ஒருத்தி. அந்தக் கொடுமையை ஏன் கேக்குறீங்க! சரியான வாயாடியாம். காலையில ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் ஓயமாட்டாளாம். 'சம்பளம்கூட வேணாம் சார், அவகிட்ட இருந்து தப்பிச்சாப் போதும்'னு என் கையைப் பிடிச்சு அழுதார் மனுஷன்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நவலெட்தான் அதிகம் சிரித்தாள். கண்ணில் நீர் வந்து துடைத்துக்கொண்டாள்.

"கடைசியா எப்போ பேசினார் சார்?"

"நேத்து சாயங்காலம். 'இங்க ஒரே பனி, ஆனா நிம்மதியா இருக்கேன்'னார். அப்போ, நீங்க பணத்தை..."

"இதோ சார்."

அவள் கைப்பையைத் திறக்கவில்லை. ஜன்னலருகே போய்ப் பாதி உடலை வெளியே நீட்டினாள்.

"ஏய் ஆர்வில்! டாக்ஸியைப் பூட்டிட்டு மேல வா! சீக்கிரம்!"

பிரிசெட் ஒன்றும் புரியாமல் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கீழே நீலக் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"வர்றாரு சார்," என்றாள் நவலெட், கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தபடி. "அந்த வாயாடிப் பொண்டாட்டி நான்தான். ரெட்டைப் புள்ளைங்க பேரை மட்டும் நீங்களே அவர்கிட்ட கேட்டுச் சொல்லிடுங்க."