முறத்தில் ஒரே ஒரு கடலை

"ஓட்டு கேட்டு வந்தப்ப காலனிக்கு அடிபம்பு போட்டுத் தரேன்னீங்க. இப்ப ஊரைக் கேக்கணும்ங்கறீங்க. இது என்னங்க தலைவரே நியாயம்?"

பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நின்று காலனி பூமாலை கேட்டபோது, தலைவர் அமிர்தலிங்கத்தால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பல வருஷம் கழித்து நடந்த பஞ்சாயத்துத் தேர்தலில் ஜெயித்து, இப்போதுதான் முதல் பட்ஜெட் போடுகிறார்.

"இந்த வருஷம் ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கு பூமாலை. உங்களுக்கு அடிபம்பு வேணும். மேலத்தெருவுக்கு விளக்கு வேணும். நானா முடிவு பண்ணினா ஒரு தெரு எங்கிட்ட பேசாது."

"ஊரைக் கேட்டா மட்டும் என்ன ஆகும்? மேலத்தெருவுல தலை அதிகம். நாங்க தோக்கறதுக்கு ஒரு கூட்டமா?"

அவன் கேட்டதில் தப்பில்லை. குன்னம் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் தெருவே இரண்டுதான். யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

தலைவர் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறார் என்றுதான் காலனியில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

கூட்டத்தன்று அமிர்தலிங்கம் ஒரு புது ஏற்பாட்டோடு வந்தார். கை தூக்கச் சொன்னால், வேலை கொடுப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் கூலிக்காரர் கை தூக்குவார். பங்காளி முகத்தைப் பார்த்துத்தான் பங்காளி தூக்குவார். சீட்டு எழுதலாமென்றால் பாதிப் பேருக்கு எழுத்து வராது.

அதனால் ஆளுக்கு ஒரு பருத்திக்கொட்டை, ஓடு மட்டும் உரித்த ஒரு நிலக்கடலை. அடிபம்பு வேண்டுமென்றால் பருத்திக்கொட்டை, விளக்கு வேண்டுமென்றால் கடலை. ஒவ்வொருவராக ஆபீஸ் உள்ளறைக்குப் போய், அங்கே வைத்திருக்கும் பானையில் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு வர வேண்டும்.

"மிச்சத்தை மடியில வச்சுக்குங்க. யாருக்கும் காட்டக் கூடாது" என்றார்.

மேலத்தெரு கொளஞ்சியப்பன் எழுந்தார். அவருக்குக் குரல் பெரிது, மீசை அதைவிடப் பெரிது.

"ஐப்பசி மழையில எங்க தெருவுல வச்சு என் மருமவ கண்ணகியப் பாம்பு கடிச்சிட்டுது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில போராடி உசுர மீட்டுக்கிட்டு வந்தோம். இன்னொருத்தி கடிபட்ட பொறவுதான் விளக்கு போடுவீங்களா?"

"எங்க பொம்பளைங்க தண்ணிக்குப் போயி படிக்கிணத்துல விழறது உங்களுக்குத் தெரியலீங்களா?" என்றான் பூமாலை.

"காலங்காலமா எறங்கித்தானே எடுக்கறாங்க? பார்த்து எறங்கணும்."

மேலத்தெருக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். இப்படியும் ஒரு கல்நெஞ்சு இருக்குமா என்று காலனிப் பெண்கள் வாய்க்குள் முணுமுணுத்தார்கள். கொளஞ்சியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்றார்.

அவருக்கு முன்னால் காலனிக் குஞ்சம்மாள் நின்றாள். போன கோடையில் படிக்கிணற்றில் வழுக்கி விழுந்தவள் அவள்தான். வலது மணிக்கட்டு கோணலாகவே நின்றுவிட்டது. இப்போது களையெடுக்கக்கூட அவளை யாரும் கூப்பிடுவதில்லை.

தலைவர் கொடுத்த கொட்டையும் கடலையும் அந்தக் கையில் நிற்காமல் தரையில் விழுந்தன. குனிந்து இடது கையால் பொறுக்கிக்கொண்டாள். கொளஞ்சியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் முறை வந்தது. உள்ளே போனவர் உடனே வரவில்லை.

"ரெண்டுல ஒண்ணப் போட இவ்வளவு நேரமா?" என்று பூமாலை பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான்.

எல்லோரும் போட்டு முடிந்ததும், அமிர்தலிங்கம் பானையை எடுத்துவந்து நடுக்கூடத்தில் ஒரு முறத்தில் கவிழ்த்தார்.

முறம் நிறையப் பருத்திக்கொட்டை. நடுவில் ஒரே ஒரு கடலை.

பூமாலை முறத்தருகே குனிந்து பார்த்தான். மேலத்தெருக்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல், களவு செய்து மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி கூரையைப் பார்த்தார்கள். முகத்தைப் பார்க்காமல் கேட்டால் தன் ஊர் இப்படித்தான் பதில் சொல்லும் என்று அமிர்தலிங்கம் நம்பியிருந்தார். ஆனால் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை.

"அந்த ஒத்தக் கடலை யாருதுன்னு கேக்கவா வேணும்?" என்று யாரோ சொல்ல, சிரிப்பு கிளம்பியது. எல்லாக் கண்களும் கொளஞ்சியப்பன் பக்கம் திரும்பின.

அத்தனை பெரிய குரலுக்குச் சொந்தக்காரர் வாயையே திறக்கவில்லை.

"அவரை ஏன் பாக்கறீங்க? அது நான் போட்டது."

குஞ்சம்மாள்தான். முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, உள்ளே இருந்த பருத்திக்கொட்டையை நீட்டினாள்.

"அத்தே, ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? பம்பு மொதல்ல ஒனக்குத்தானே வேணும்?" என்றான் பூமாலை.

"என் கை ஒடைஞ்சது ஒடைஞ்சதுதான். கண்ணகிப் புள்ள இன்னமும் பொழுது சாஞ்சா வாசப்படி தாண்டப் பயப்படுதாம். நம்ம சனத்துலேர்ந்து ஒண்ணாச்சும் அது பக்கம் விழட்டும்னு போட்டேன்."

அப்போதுதான் அமிர்தலிங்கத்துக்கு ஒன்று உறைத்தது.

"அப்ப உங்க கடலை எங்கங்க, கொளஞ்சியப்பன்?"

"யாருக்கும் காட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று அதட்டிவிட்டு, துண்டை உதறிக்கொண்டு எழுந்து வாசல் பக்கம் நடந்தார் அவர்.

அவருடைய பெரிய மீசையில் ஒரு சிவப்புக் கடலைத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.